பூட்டின் வேகமும் அளப்பவர் பொறுப்பும்

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல்

அளத்தல் அறிவியலின் முதற்படி. நிலத்தை அளக்கச் சங்கிலி, நெல்லை அளக்க மரக்கால், காய்ச்சலை அளக்க வெப்பமானி என ஒவ்வொன்றுக்கும் ஒரு கருவியை மனிதன் கண்டான். அளவுகோல் வந்த பிறகுதான் ‘பெரியது, சிறியது’ என்ற வாய்ச்சண்டைகள் ஓய்ந்தன. கணிப்பொறித் துறையில் மட்டும் அளவுகோல் வந்த பிறகும் சண்டை ஓயவில்லை. விண்டோஸ் வேகமானதா, லினக்ஸ் வேகமானதா, மேக் வேகமானதா என்னும் வழக்கு நம் ஆய்வுக்கூடத்து வாசலில் நாள்தோறும் நடக்கிறது. ஒருவர் ஓர் எண்ணைக் காட்டுகிறார். மற்றவர் வேறோர் எண்ணைக் காட்டுகிறார். இரண்டு எண்களும் கணிப்பொறி தந்தவைதாம். அப்படியானால் யார் சொல்வது உண்மை?

இந்த வழக்கை ‘மியூட்டெக்ஸ்’ என்னும் சின்னஞ்சிறு பூட்டை வைத்து ஆராய விரும்புகிறேன். என் கருத்தை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். எந்தப் பூட்டை, எந்த நிலையில், யாருடைய காத்திருப்பை அளந்தோம் என்று எழுதாத எண்ணுக்கு நம் செய்முறைப் பதிவேட்டில் இடம் தரக்கூடாது. வரிசையில் கடைசியாக நிற்பவரின் நிலையைச் சொல்லாத சராசரியைக் கொண்டு எந்த இயங்குதளத்துக்கும் வெற்றிமாலை சூட்டக்கூடாது. ஏன் என்பதைக் கணிப்பொறி படிக்காத நண்பர்களும் அறியும்படி எழுத முயல்கிறேன்.

பூட்டு எதற்கு?

நம் கல்லூரிக் கூட்டுறவுப் பண்டகசாலையில் நூறு நோட்டுப் புத்தகங்கள் இருப்பதாகக் கொள்வோம். விற்பவர் இருவர், இருப்புப் புத்தகம் ஒன்று. முதலாமவர் இருப்பைப் பார்க்கிறார்: 100. அதே நொடியில் இரண்டாமவரும் பார்க்கிறார்: 100. முதலாமவர் பத்து நோட்டுகளை விற்று 90 என்று எழுதுகிறார். இரண்டாமவர் ஐந்து விற்று, தாம் முன்பு பார்த்த நூற்றிலிருந்து கழித்து, 95 என்று அதன்மேல் எழுதிவிடுகிறார். அலமாரியில் 85 நோட்டுகளே உள்ளன, ஏட்டிலோ 95! இருவரும் நேர்மையானவர்கள். இருவர் கணக்கும் தனித்தனியே சரி. ஆயினும் பத்து நோட்டுகள் ஏட்டளவில் முளைத்துவிட்டன.

கணிப்பொறிக்குள்ளும் இதுவே நடக்கும். ஒரே நிரலுக்குள் பல வேலைகள் பக்கம்பக்கமாக ஓடுகின்றன. இவற்றை ‘த்ரெட்’, அதாவது இழைகள் என்கிறோம். இரண்டு இழைகள் ஒரே நினைவிடத்தை ஒரே நேரத்தில் திருத்தினால் கணக்குக் கெடும். ஆகவே ஒருவர் உள்ளே இருக்கும்போது மற்றவர் வெளியே நிற்க வேண்டும். ‘மியூச்சுவல் எக்ஸ்க்ளூஷன்’ என்னும் இரு சொற்களின் தலைகளை ஒட்டவைத்து இந்தப் பூட்டுக்கு மியூட்டெக்ஸ் என்று பெயரிட்டார்கள். நெதர்லாந்து நாட்டு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1965-இல் இச்சிக்கலைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றளவும் பாடமாக உள்ளது. அவர் வகுத்த ஒரு முறைக்கு ‘செமஃபோர்’ என்று பெயர் வைத்தார். புகைவண்டிப் பாதையோரம் நாம் கண்ட கைகாட்டி மரத்தின் பெயர்தான் அது. ஒரு பாதை, ஒரு நேரத்தில் ஒரு வண்டி! தத்துவம் அவ்வளவுதான்.

விடுதிக் குளியலறைப் பாடம்

தத்துவம் எளிது, நடைமுறைதான் கடினம். பூட்டியிருக்கும் கதவின் முன் வந்து நிற்கும் இழை என்ன செய்ய வேண்டும்? விடுதி மாணவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. காலை ஏழு மணிக்குக் குளியலறைக் கதவு சாத்தியிருந்தால் நமக்கு இரண்டே வழிகள். அங்கேயே நின்று ‘முடிந்ததா, முடிந்ததா’ என்று தட்டிக்கொண்டே இருக்கலாம். அல்லது ‘காலியானதும் எழுப்பு’ என்று நண்பனிடம் சொல்லிவிட்டுப் போய்ப் படுக்கலாம். முதல் வழியில் கதவு திறந்தவுடன் நுழைந்துவிடலாம். ஆனால் அதுவரை வேறு வேலை ஓடாது. இரண்டாம் வழியில் ஓய்வு கிடைக்கும்; ஆனால் எழுப்பவும் எழவும் நேரம் பிடிக்கும்.

தட்டிக்கொண்டே நிற்கும் பூட்டுக்குச் சுழற்பூட்டு என்று பெயர். உறங்கப் போகும் வகையில் இயங்குதளத்தின் நடுப்பகுதியான கெர்னல்தான் எழுப்பிவிடும் நண்பன். பூட்டு காலியாக இருந்து உடனே கிடைத்துவிட்டால் வேலை சில பத்து நானோ வினாடிகளில் முடிந்துபோகும். ஒரு நானோ வினாடி என்பது ஒரு வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு. ஆனால் உறங்கி எழ வேண்டி வந்தால் செலவு மைக்ரோ வினாடிக் கணக்கில் ஏறிவிடும். ஒரே பூட்டில் இரண்டு நிலைகளுக்கும் இடையே நூறு மடங்கு வேறுபாடு வருவது இயல்பு.

இதில் ஒரு சிக்கனத்தை 2002-இல் ஒட்டாவா நகரில் நடந்த லினக்ஸ் கருத்தரங்கில் ஹூபர்ட்டஸ் ஃபிராங்க், ரஸ்டி ரஸ்ஸல், மாத்யூ கிர்க்வுட் ஆகியோர் விளக்கினார்கள். அதன் பெயர் ‘ஃபியூட்டெக்ஸ்’. கதவு திறந்திருந்தால் நண்பனை எதற்கு அழைக்க வேண்டும்? நாமே தாழ்ப்பாளைப் பார்த்து நுழைந்துவிடலாமே! இடையில் எவரும் குறுக்கிட முடியாத ஒற்றைக் கட்டளையால் இழை தானே பூட்டை எடுத்துக்கொள்ளும். பூட்டு ஏற்கெனவே பிறர் கையில் இருந்தால் மட்டுமே கெர்னலிடம் போகும். 2003 இறுதியில் வெளிவந்த லினக்ஸ் 2.6 முதல் இம்முறை நிலைபெற்றது. 2012-இல் வந்த விண்டோஸ் 8-இலும் இதையொத்த வசதி சேர்க்கப்பட்டது.

பெயர் ஒன்று, பொருள் வேறு

இனி வழக்குக்கு வருவோம். விண்டோஸில் ‘மியூட்டெக்ஸ்’ என்ற பெயரிலேயே ஒரு பூட்டு உண்டு. லினக்ஸிலும் ‘பீத்ரெட் மியூட்டெக்ஸ்’ என்று ஒன்று உண்டு. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஓடவிட்டு, ‘லினக்ஸ் பல மடங்கு வேகம்’ என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? விண்டோஸின் மியூட்டெக்ஸ் கெர்னலுக்குள் வாழும் பொருள். ஒரு நிரல் அதற்குப் பெயர் சூட்டி, வேறொரு நிரலோடும் பகிர்ந்துகொள்ளலாம். அதனால் காலியாக இருந்தாலும் ஒவ்வொரு முறையும் கெர்னல் வாசலை மிதித்தே தீர வேண்டும். லினக்ஸின் பூட்டோ, போட்டி இல்லாதபோது கெர்னல் பக்கமே போவதில்லை. இரண்டையும் ஒப்பிடுவது ஊர்ப் பொதுக்கிணற்றின் நீர் இறைக்கும் வேகத்தை வீட்டுக் குடத்தோடு ஒப்பிடுவது போன்றது.

விண்டோஸில் ஒப்பிடத்தக்கவை வேறு இரண்டு. ஒன்று ‘கிரிட்டிகல் செக்ஷன்’. மற்றொன்று விண்டோஸ் விஸ்டாவுடன் வந்த ‘எஸ்.ஆர்.டபிள்யூ. லாக்’. இவற்றுள்ளும் வேறுபாடு உண்டு. கிரிட்டிகல் செக்ஷனைக் கையில் வைத்திருக்கும் இழை அதையே மறுமுறையும் கேட்டுப் பெறலாம். மற்றதில் அவ்வாறு கேட்கக்கூடாது. உருவத்திலும் இவை ஒன்றல்ல. 64 பிட் கணிப்பொறியில் எஸ்.ஆர்.டபிள்யூ. பூட்டின் அளவு 8 பைட். லினக்ஸின் பீத்ரெட் மியூட்டெக்ஸ் 40 பைட். மேக்கில் அதே பெயருடைய பூட்டு 64 பைட். மேக்கிலேயே 2016 முதல் வேறொரு சிறிய பூட்டும் உண்டு. அது வெறும் 4 பைட். எதை எதோடு நிறுத்துப் பார்த்தோம் என்று சொல்லாமல் ‘விண்டோஸ்’, ‘லினக்ஸ்’, ‘மேக்’ என்று மூன்றே சொற்களில் தீர்ப்பு எழுதுவது முறையாகுமா?

நம் ஆய்வுக்கூடங்களில் இன்னொரு பழக்கமும் உண்டு. கணிப்பொறியில் இருப்பது விண்டோஸ். அதற்குள் ‘விர்ச்சுவல் மெஷின்’ என்னும் கற்பனைக் கணிப்பொறியை உருவாக்கி, அதற்குள் லினக்ஸை ஓட்டுகிறோம். பிறகு இரண்டின் வேகத்தையும் ஒப்பிடுகிறோம். ஒருவன் வெறுங்கையோடு ஓடுகிறான். இன்னொருவன் அவன் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஓடுகிறான். இது பந்தயமா? ஒரே கணிப்பொறியில் இரண்டையும் தனித்தனியே நிறுவி அளந்தால்தான் ஒப்பீடு. மேக்கைப் பொறுத்தவரை 2020-க்குப் பின் ஆப்பிள் நிறுவனம் தன் சொந்தச் செயலிக்கு மாறிவிட்டதால், மேக்கையும் விண்டோஸையும் ஒப்பிடும் மாணவர் பெரும்பாலும் செயலிகளையும் சேர்த்தே ஒப்பிடுகிறார். அதைத் தெரிந்து ஒப்பிடலாம், சொல்லாமல் ஒப்பிடக்கூடாது.

ஊசலும் பூட்டும்

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் தனி ஊசல் சோதனை செய்யாதவர் நம்மில் இல்லை. ஒரே ஓர் அலைவின் நேரத்தை யாரும் அளப்பதில்லை. இருபது அலைவுகளுக்கு நிறுத்துக்கடிகாரத்தை ஓடவிட்டு, இருபதால் வகுக்கிறோம். கடிகாரத்தை அழுத்தும் கையின் தாமதம் அப்போதுதான் அடங்கும். பூட்டை அளக்கவும் இதுவே முதல் விதி. இன்றைய விண்டோஸ் கணிப்பொறிகள் பலவற்றில், நிரல்களுக்குக் கிடைக்கும் நுண்கடிகாரம் நூறு நானோ வினாடிக்கு ஒருமுறைதான் துடிக்கிறது. ஆப்பிள் செயலியில் இயங்கும் மேக்கில் ஏறத்தாழ 42 நானோ வினாடிக்கு ஒரு துடிப்பு. இருபது நானோ வினாடியில் முடியும் வேலையை இக்கடிகாரங்களால் ஒற்றையாக அளக்க முயல்வது, மளிகைக் கடைத் தராசில் மூக்குத்தியை நிறுப்பதாகும். எனவே பத்து லட்சம் முறை பூட்டித் திறந்து, மொத்த நேரத்தை வகுக்கிறோம்.

வெர்னியர் அளவியில் சுழிப்பிழை பார்க்கிறோம் அல்லவா? இங்கும் அது உண்டு. பூட்டில்லாத வெறும் சுழலுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று தனியே அளந்து கழிக்க வேண்டும். அதிலும் ஓர் எச்சரிக்கை: வெறும் சுழலால் பயனில்லை என்று கண்டால் கம்பைலர் அதை முழுவதுமாக நீக்கிவிடும். பிறகு நாம் அளப்பது சூனியத்தை! மடிக்கணினி மின்கலத்தில் ஓடுகிறதா, மின்சாரத்தில் ஓடுகிறதா என்பதையும் குறிக்க வேண்டும். சூட்டுக்கும் மின் சிக்கனத்துக்கும் ஏற்பச் செயலி தன் வேகத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும்.

இதுவரை ஊசலும் பூட்டும் ஒன்றே. இனித்தான் வேறுபாடு. ஊசலின் இருபது அலைவுகளும் ஏறத்தாழ ஒரே அளவானவை. ஆகவே அங்கே சராசரி உண்மையைச் சொல்லும். பூட்டின் முன் நிற்போரின் காத்திருப்புகள் அப்படி ஒரே அளவாக இருப்பதில்லை. ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். ஆயிரம் காத்திருப்புகளில் 999 தலா ஒரு மைக்ரோ வினாடி. மீதி ஒன்று மட்டும் 10,000 மைக்ரோ வினாடி. சராசரி ஏறத்தாழ 11 மைக்ரோ வினாடி. ஆயிரம் பேரில் 11 மைக்ரோ வினாடி காத்திருந்தவர் ஒருவர்கூட இல்லை! இன்னொரு பூட்டில் ஆயிரம் பேரும் தலா 12 மைக்ரோ வினாடி காத்திருந்ததாகக் கொள்வோம். சராசரியை மட்டும் பார்த்தால் முதல் பூட்டுக்கே பரிசு. ஆனால் 10,000 மைக்ரோ வினாடி நின்றவரைக் கேட்டால் என்ன சொல்வார்?

எதை அளக்கிறோம் என்று தெரியாமலே அளந்துவிடும் ஆபத்தும் உண்டு. 2020 சனவரியில் இப்படி ஒரு விவாதம் எழுந்தது. விளையாட்டு மென்பொருள் எழுதும் ஒருவர் சுழற்பூட்டு கைமாறும் நேரத்தை அளந்து, லினக்ஸ் தாமதப்படுத்துகிறது என்று முடிவுகட்டினார். லினக்ஸைப் படைத்த லீனஸ் டோர்வால்ட்ஸ் அந்த அளவையே மறுத்தார். பூட்டை வைத்திருப்பவர், விடுவிப்பதற்குச் சற்று முன் மணி பார்க்கிறார். அடுத்தவர், பூட்டு கிடைத்ததும் மணி பார்க்கிறார். இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் கைமாறும் நேரம் என்கிறார்கள். ஆனால் முதலாமவர் மணி பார்த்ததற்கும் உண்மையில் விடுவித்ததற்கும் நடுவில், இயங்குதளம் அவரிடமிருந்து செயலியைப் பறித்து வேறொரு வேலைக்குக் கொடுத்திருக்கலாம். சுழற்பூட்டு முழுவதும் நிரலுக்குள்ளேயே இருப்பதால், அவர் கையில் பூட்டு இருப்பது இயங்குதளத்துக்குத் தெரியவே தெரியாது. ‘இதோ வந்துவிட்டேன்’ என்று மணி சொன்னவர் குளியலறைக்குள்ளேயே கண்ணயர்ந்துவிட்ட கதைதான்! அந்த நேரத்தைத் தாழ்ப்பாளின் குறை என்று எழுதலாமா? அனுபவம் வாய்ந்தவர்களுக்கே இந்த நிலை என்றால், மூன்று மணி நேரச் செய்முறை வகுப்பில் அளக்கும் நாம் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும்!

கடைசியில் நிற்பவர்

பூட்டைப் பற்றிப் படித்தவற்றுள் என் மனத்தில் தைத்த செய்தி ஒன்று உண்டு. லினக்ஸ் கெர்னலுக்குள் இருந்த பழைய சுழற்பூட்டில் வரிசை என்பதே கிடையாது. கதவு திறக்கும் நொடியில் யார் கை முந்துகிறதோ அவருக்கே பூட்டு. பூட்டை விட்டவருக்கு அருகிலேயே அது இருப்பதால், அவரே மறுபடியும் முந்திக்கொள்வார். எட்டு உட்கருக்கள் கொண்ட கணிப்பொறி ஒன்றில் நிக் பிக்கின் என்னும் நிரலாளர் இதைச் சோதித்தார். சில இழைகள் பத்து லட்சம் தடவை வரை முறையின்றிப் பூட்டைப் பெற்றுக்கொண்டிருக்க, வேறு சில வாசலிலேயே பட்டினி கிடந்தன. 2008-இல் வெளிவந்த லினக்ஸ் 2.6.25-இல் அவர் டோக்கன் முறையைக் கொண்டுவந்தார். வருபவர் ஒவ்வொருவரும் ஓர் எண்ணை வாங்கிக்கொண்டு, தம் எண் வரும்வரை நிற்க வேண்டும். 2015-இல் அதனினும் சிறந்த வரிசை முறை அதன் இடத்தைப் பிடித்தது.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். வரிசை என்றால் என்ன, டோக்கன் என்றால் என்ன என்பதைப் பாடப் புத்தகத்துக்கு முன்பே நியாய விலைக் கடை வாசலில் கற்றவன். டோக்கன் இல்லாத நாளில் முன்னால் இருப்பவருக்கு வேண்டியவர்கள் வாங்கிக்கொண்டே இருப்பார்கள். கடையின் கணக்கில் அன்றைய விற்பனை நன்றாகவே இருக்கும். கூலி வேலையை விட்டுவிட்டு வந்து கடைசியில் நின்றவர் வெறும் பையோடு திரும்புவது அந்தக் கணக்கில் தெரியாது. தேர்ச்சி விகிதம் உயர்ந்தது என்று நாளேட்டில் வரும் நாளிலும், நடுவில் பள்ளியை விட்டவர் யார் யார் என்பது எங்கள் தெருவுக்கு மட்டுமே தெரியும். சராசரிக்குள் ஆட்கள் காணாமற்போவது எங்களுக்குப் புதிதல்ல. அதனால்தானோ என்னவோ, ஒரு பூட்டின் சராசரி வேகத்தைக் கண்டால் ‘மிக நீண்ட நேரம் நின்றவர் எவ்வளவு நேரம் நின்றார்?’ என்றே எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்ல வேண்டும். கண்டிப்பான வரிசை எப்போதும் நன்மையே தரும் என்பதில்லை. வரிசைப்படி அடுத்தவர் உறங்கிக்கொண்டிருந்தால், அவர் எழுந்து வரும்வரை பூட்டு சும்மா கிடக்கும்; பின்னால் இருப்பவர் அனைவரும் தேங்குவர். இதை அறிந்துதான் விண்டோஸ் சர்வர் 2003-இன் முதல் திருத்தப் பதிப்பு முதல் கிரிட்டிகல் செக்ஷனில் ‘முதலில் வந்தவர்க்கு முதலில்’ என்னும் முறையை மைக்ரோசாஃப்ட் கைவிட்டது. மொத்த வேலையின் வேகம் கூடியது. அது தவறு என்று நான் சொல்லவில்லை. நடுவழியும் உண்டு. ‘கோ’ என்னும் நிரல்மொழியின் பூட்டு 2017 முதல் இப்படி நடக்கிறது: பொதுவாக முந்தியவருக்கே தரும், ஆனால் ஒருவர் ஒரு மில்லி வினாடிக்கு மேல் காத்துவிட்டால் வரிசை முறைக்கு மாறி அவரை உள்ளே விடும். வேகத்தையும் பார்த்து, கடைசியில் நிற்பவரையும் கைவிடாத ஏற்பாடு இது. வேகத்துக்காக வரிசையை விடலாம், வரிசைக்காக வேகத்தை விடலாம். எதை விட்டோம் என்பதை எண்ணோடு சேர்த்து எழுத வேண்டும். அதுவே என் வாதம்.

செவ்வாய் தந்த பாடம்

‘எப்போதோ ஒருமுறை வரும் தாமதத்துக்கு இவ்வளவு கவலையா?’ என்று கேட்பவருக்கு ஒரு வரலாறு. 1997 சூலை 4 அன்று அமெரிக்காவின் பாத்ஃபைண்டர் விண்கலம் செவ்வாயில் இறங்கியது. சில நாட்களில் அதன் கணிப்பொறி தானாகவே அணைந்து மீண்டும் மீண்டும் தொடங்கலாயிற்று. காரணம் ஒரு மியூட்டெக்ஸ்! வானிலை அளவுகளைச் சேகரிக்கும் முன்னுரிமை குறைந்த வேலை ஒன்று பூட்டை வைத்திருந்தது. முன்னுரிமை மிகுந்த வேலை அதே பூட்டுக்காக நின்றது. இடையே நடுத்தர முன்னுரிமை உள்ள வேலைகள் வந்து செயலியைப் பிடித்துக்கொண்டன. கடைநிலை வேலைக்கு ஓட வாய்ப்பில்லை. ஆகவே பூட்டை விடவும் வழியில்லை. ஆகவே தலையாய வேலைக்கும் வழியில்லை. முக்கிய வேலை குறித்த நேரத்தில் முடியாததைக் கண்ட காவல் நிரல், கணிப்பொறியையே மறுதொடக்கம் செய்துவிட்டது.

பொறியாளர்கள் பூமியில் இருந்த மாதிரிக் கணிப்பொறியில் அதே நிலையை வரவழைத்துக் காரணத்தைக் கண்டுபிடித்தனர். பூட்டுக்காக உயர்நிலை வேலை நிற்கும்போது, பூட்டை வைத்திருப்பவருக்கு அந்த உயர்நிலையைத் தற்காலிகமாகக் கடன் தரும் வசதி அந்த இயங்குதளத்திலேயே இருந்தது. ஆனால் அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அதை இயக்கும் மாற்றத்தைப் பூமியிலிருந்தே அனுப்பிக் கலத்தைச் சரிசெய்தார்கள். இதில் நாம் கவனிக்க வேண்டியது மற்றொன்று. கலம் புறப்படும் முன் நடந்த சோதனைகளிலேயே இத்தொல்லை தலைகாட்டியிருந்தது. மீண்டும் வரவழைத்துப் பார்க்க முடியவில்லை. நூறு அளவுகளில் ஒன்று மட்டும் பொருந்தாமல் நின்றால், நாம் என்ன செய்கிறோம்? ‘ஏதோ பிழை’ என்று அடித்துவிட்டு, ஒத்துவரும் அளவுகளை மட்டும் பதிவேட்டில் ஏற்றுகிறோம். பொருந்தாத அந்த ஓர் அளவுதான் நம்மிடம் ஏதோ சொல்ல வந்தது!

நம் பதிவேட்டில் என்ன மாற வேண்டும்?

இயற்பியல் செய்முறைப் பதிவேட்டில் அட்டவணை உண்டு, பல முறை எடுத்த அளவுகள் உண்டு, சுழிப்பிழை உண்டு. நம் துறைப் பதிவேட்டிலோ நோக்கம், படிமுறை, நிரல் ஆகியவற்றுக்குப் பிறகு, ‘நிரல் இயக்கப்பட்டு விடை சரிபார்க்கப்பட்டது’ என்னும் பொருள்பட ஒரே ஒரு வரி. எல்லாப் பதிவேடுகளிலும் அதே வரி. கணிப்பொறியும் ஓர் அளவுக் கருவி என்பதை நாம் மறந்துவிட்டோம்.

ஆசிரியப் பெருமக்களிடம் பணிவோடு சில வேண்டுகோள்களை வைக்கிறேன். வேகத்தை அளக்கும் எந்தச் செய்முறையிலும் பூட்டின் வகை, இயங்குதளத்தின் பதிப்பு, செயலி, இழைகளின் எண்ணிக்கை, பூட்டுக்குள்ளும் வெளியிலும் செய்யும் வேலையின் அளவு ஆகியவற்றை மாணவர் எழுத வேண்டும் என்று விதிக்க வேண்டும். ஒரு முறை ஓட்டிய எண்ணை ஏற்கக்கூடாது. பலமுறை ஓட்டி, இடைநிலை மதிப்பையும் மிக மோசமான மதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்ல வேண்டும். ஒவ்வோர் இழைக்கும் எத்தனை முறை பூட்டு கிடைத்தது என்ற அட்டவணையும் வேண்டும். நீக்கிய அளவு இருந்தால் ஏன் நீக்கினோம் என்று எழுத வேண்டும். எதிர்பார்த்ததற்கு மாறான விடை வந்து, அதை மறைக்காமல் எழுதியவருக்கு மதிப்பெண் குறையக்கூடாது. இந்தக் கடைசி வேண்டுகோள்தான் எல்லாவற்றிலும் முக்கியம். மதிப்பெண் குறையும் என்ற அச்சமே மாணவனை அளவுகளைத் திருத்தத் தூண்டுகிறது.

‘இதற்கெல்லாம் நேரம் ஏது? கணிப்பொறி ஒன்றுக்கு இருவர் உட்காரும் நிலையில் பாடத்திட்டத்தை முடிப்பதே பெரும்பாடு’ என்று சொல்லப்படலாம். உண்மைதான். பருவம் முழுவதிலும் ஒரே ஒரு செய்முறையை இப்படி முழுமையாகச் செய்தால் போதும் என்பது என் பதில். இருபது நிரல்களை ஓட்டி முடித்தவரைவிட, ஒன்றை ஒழுங்காக அளந்தவருக்கு அறிவியல் விளங்கும்.

‘நம்மிடம் இருப்பவை பழைய கணிப்பொறிகள், இவற்றில் அளந்து என்ன பயன்?’ என்போரும் உண்டு. மாணவ நண்பர்களே, கருவி பழையது என்பதால் அளவு பொய்யாகிவிடாது. வேகமான கணிப்பொறி வேண்டுமானால் பணம் வேண்டும். நேர்மையான அளவுக்குப் பணம் தேவையில்லை. லினக்ஸ் விலையின்றிக் கிடைக்கிறது. நிரலோ ஐம்பது வரிக்குள் அடங்கும். வேண்டியது பொறுமையும் ஒரு நோட்டும்தான். பெரிய நகரத்துப் பெரிய கல்லூரி மாணவனோடு நாம் சரிநிகராக நிற்கக்கூடிய இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். நம் அட்டவணையில் நிலைமைகள் தெளிவாக எழுதப்பட்டிருந்தால், உலகின் எந்த மூலையில் இருப்பவரும் அதைத் திரும்பச் செய்து பார்க்கலாம். சரியென்றால் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நாளை நம்மில் பலர் மென்பொருள் எழுதப் போகிறோம். பயணச்சீட்டு முன்பதிவு, வங்கிக் கணக்கு, மருத்துவமனைக் கருவி என எங்கெங்கோ நாம் எழுதும் பூட்டுகளின் முன் முகம் தெரியாத மனிதர்கள் காத்து நிற்பார்கள். அந்த வரிசையின் கடைசியில் நம் பெற்றோரும் நிற்கலாம். எத்தனை வேகம் என்று கேட்கும் அதிகாரிக்குச் சராசரியைச் சொல்லிப் பாராட்டுப் பெறுவது எளிது. கடைசியில் நிற்பவர் எவ்வளவு நேரம் நின்றார் என்பதையும் அதே மூச்சில் சொல்லும் பழக்கத்தை இங்கேயே, இந்த ஆய்வுக்கூடத்திலேயே, நம் பதிவேட்டின் ஒரு வரியிலிருந்தே தொடங்குவோம்.